தீபாவளி லீவுக்கு ஹோட்டன் சமவெளி போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

ஐப்பசி பிறந்தாலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வேன் பேசுகிற கதை தொடங்கிவிடும். தீபாவளி லீவோடு இன்னும் ஒரு நாள் சேர்த்து நுவரெலியா, அங்கிருந்து ஹோட்டன் சமவெளி, உலக முடிவு. நல்ல திட்டம்தான், ஆனால் விளிம்புக்குப் போய் வெள்ளைப் பனிமூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வானிலையைத் திட்டிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. என்னைக் கேட்டால் பிழை வானத்தில் இல்லை, அவர்கள் புறப்பட்ட நேரத்தில்தான்.

உலக முடிவு ஏறக்குறைய 870 மீட்டர் செங்குத்துப் பள்ளம். வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள சூடான ஈரக்காற்று அந்தச் சுவரைப் பிடித்து மேலே வரும், குளிர்ந்து முகிலாகும். அதனால்தான் காலை ஆறரைக்குத் தெளிவாக இருந்த இடம் ஒன்பது, பத்து மணிக்குள் மூடிப்போகிறது. வாகனம் நிறுத்தும் ஃபார் இன்னிலிருந்து விளிம்புக்குச் சுமார் நாலு கிலோமீட்டர், பிள்ளைகளோடு என்றால் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். நுவரெலியாவிலிருந்து பூங்காவுக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல், வளைவுப் பாதை. ஹோட்டலில் எட்டு மணிக்குச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. விடியுமுன்னே வெளிக்கிட வேண்டும், லீவு நாளில் டிக்கெட் வரிசையும் நீளமாக இருக்கும்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் இரவோடு இரவாகக் கொழும்பிலிருந்து ஓட்டிப்போய் நேரே நடக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தூங்காத சாரதி, மழை, மலைப்பாதை, மூன்றும் ஒன்றாகச் சேரக்கூடாது. முதல் நாளே போய் நுவரெலியாவிலோ பட்டிப்பொல, ஒஹிய பக்கத்திலோ தங்குங்கள். கோட்டையிலிருந்து பகல் ரயிலில் போய் அன்றைக்கே நடக்கலாம் என்ற கணக்கும் சரிவராது, ரயில் மேலே போய்ச் சேரும்போது பின்னேரமாகிவிடும்.

உள்ளே போனபிறகு இன்னொன்று. சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். அங்கே சின்ன உலக முடிவு என்கிற சிறிய பள்ளத்தின் வழியாக உலக முடிவுக்குப் போகிற பக்கத்தை முதலில் பிடியுங்கள். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியைப் பத்து மணிக்கும் பார்க்கலாம், பள்ளத்தாக்கைப் பார்க்க முடியாது.

ஐப்பசிக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம், காலையில் வெயிலடிக்கும், பின்னேரம் இடியும் மின்னலுமாகக் கொட்டும். திறந்த புல்வெளியில் நிற்கும்போது உங்களைவிட உயரமாக அங்கே அதிகம் இருக்காது, அதனால் பகல் பன்னிரண்டுக்குள் ஃபார் இன்னுக்குத் திரும்பிவிடப் பாருங்கள். போவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்று நமக்கெல்லாம் தெரியும். நுவரெலியா மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் ஹோட்டல் முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிவையுங்கள். நாள் உங்கள் கையில் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை போவதுதான் நல்லது. அப்போது விடியற்காலையில் புல்லில் உறைபனி படிந்திருப்பதைக்கூடக் காணலாம்.

உடுப்பு விஷயம். கொழும்பு வெக்கையில் நின்று பை அடுக்கும்போது குளிர் என்றால் என்னவென்று மறந்துவிடுகிறது. சமவெளி 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்றும் சும்மா இருக்காது. ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. குடையைக் காற்று புரட்டிவிடும், புறக்கோட்டையில் மலிவாக ஒரு மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டா செருப்போடு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும், ஏனென்றால் பாதையில் பாதி களிமண்ணும் வேரும், மழைக்குப் பிறகு கல்லெல்லாம் வழுக்கும். அடி பிடிக்கிற சப்பாத்துத்தான் சரி. முகில் இருந்தாலும் அந்த உயரத்தில் வெயில் தோலைச் சுடும், தொப்பி எடுங்கள்.

சாப்பாட்டைப் பொலித்தீன் லஞ்ச் சீட்டில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறையைப் பிரித்துக் காகிதப் பையில் போடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கிற லேபிளைக்கூட உரித்தெடுப்பார்கள். இதற்காகச் சண்டை பிடிப்பவர்கள் உண்டு, எனக்கு அது புரிவதே இல்லை. காற்றில் பறக்கிற ஒரு பொலித்தீன் துண்டை மேய்கிற மரை புல்லோடு சேர்த்து விழுங்கிவிடும். வீட்டிலிருந்தே வாழையிலையிலோ சாப்பாட்டுப் பெட்டியிலோ கட்டிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. சுற்றுப்பாதையில் கடை கிடையாது, தண்ணீரையும் அளவாகக் கொண்டுபோங்கள்.

அதே மரைக்குப் பாண் கொடுத்துப் படம் எடுப்பதும் பெரிய பிழை. வாகனத் தரிப்பிடத்தில் கிட்டே வந்து நிற்கிறதே என்று வீட்டு மாடுபோல நினைக்க வேண்டாம், கொம்புள்ள பெரிய காட்டு விலங்கு அது. கையால் ஊட்டிப் பழக்கினால் குப்பையையும் சாப்பாட்டுப் பைகளையும் தேடி வரும், அது அதற்கும் கேடு, நமக்கும் ஆபத்து.

விளிம்பைப் பற்றி ஒரே வார்த்தை: பின்னோக்கி நடந்து செல்ஃபி எடுக்காதீர்கள். எல்லா இடத்திலும் வேலி இல்லை. பனிமூட்டம் வந்துவிட்டால் தரை எங்கே முடிகிறது என்று தெரியாது, பிள்ளைகளின் கையை விடவே கூடாது.

நீரோடைகளில் சவர்க்காரம், ஷாம்பு எதுவும் வேண்டாம், பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியில் இறங்கவும் வேண்டாம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மலையிலிருந்து தண்ணீர் போகிறது. களனியிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கிற தண்ணீரைத்தான் கொழும்பில் குழாயைத் திறந்து குடிக்கிறோம். பாதையை விட்டுப் புல்லில் குறுக்கே இறங்குவதும் அதே கேடுதான், ஈரப் புற்றரை ஒருமுறை மிதிபட்டுக் கிழிந்தால் அடுத்த மழையில் அந்தத் தடம் ஓடையாகிவிடும்.

கால் இன்னும் தாங்கும் என்று அதே நாளில் கிரிகல்பொத்தவையும் சேர்த்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு: அது 2,388 மீட்டர் சிகரம், போய்வரவே ஒரு பகல் வேண்டும், வேறொரு நாள் விடியற்காலையில் தொடங்குங்கள். சும்மா ஒரு உச்சியில் ஏறினால் போதும் என்றால் பட்டிப்பொலப் பாதைப் பக்கத்தில் தொட்டுபொல இருக்கிறது, ஏற்றம் குட்டை, அதுவும் மழை தொடங்கமுன்.