அடிபட்ட வருடத்தில் ஆர்.வி. பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவில் ஓய்வு பெற்ற பிறகு குளிர்காலம் முழுவதையும் ஆர்.வி.யில், அதாவது படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியில், கழிப்பவர்கள் ஏராளம். மினசோட்டா, மிச்சிகன், ஒன்டாரியோ பக்கம் பனி விழ ஆரம்பிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அரிசோனா, புளோரிடா, டெக்சாஸின் தென்கோடி என்று வெயில் தேடிப் போய்விட்டு ஏப்ரல் வாக்கில் திரும்புகிறார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால், ஏதோ ஒரு வருடம் மணிக்கட்டு முறிவதோ தோள்பட்டைத் தசைநார் கிழிவதோ முழங்கால் அறுவை சிகிச்சையோ குறுக்கே வந்துவிடுகிறது. அந்த ஒரு வருடத்தை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

முதல் தவறு கேள்வியிலேயே இருக்கிறது. "டாக்டர் எப்போது வண்டி ஓட்ட விடுவார்?" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, அந்த அனுமதி கிடைத்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஓட்டுவது என்பது முழு சீசனில் சில நாள் வேலை. மற்ற மாதங்கள் எல்லாம் அந்த வண்டிக்குள் வாழ வேண்டும், உடம்பைச் சோதிப்பது அதுதான். உள்ளே ஏறும் படிகள் குறுகலானவை, உயரம் அதிகம், சில வண்டிகளில் கால் வைத்தாலே ஆடும். படுக்கைக்கு மூன்று பக்கமும் சுவர் என்றால் விரிப்பை மாற்றுவதற்கே முழங்காலில் தவழ வேண்டும். கழிவுநீர்க் குழாயை மாட்ட, தரையோடு தரையாகக் குனிய வேண்டும். 50 ஆம்ப் மின் கேபிளை இழுத்துச் சுருட்டி வைக்கத் தோளில் வலு வேண்டும். 20 பவுண்டு சிலிண்டர் என்று சொல்லப்படும் புரொப்பேன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் இரும்போடு சேர்த்து சுமார் 17 கிலோ. வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் ஹிட்ச் (இரண்டு வண்டியையும் கோக்கும் கொக்கி) மாட்டும் வேலை, கம்பிகளை நெம்பி ஏற்றும் வேலை. தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு ஸ்டியரிங் பிடிக்க அனுமதி கிடைத்த பிறகும் இவற்றில் பலவற்றை மாதக்கணக்கில் தொடக்கூடாது என்று சொல்வார்கள்.

அதனால் பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது "நான் எப்போது நார்மல் ஆவேன்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வண்டிப் படியின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கழிவுநீர்க் குழாய் மாட்டுவதை, ஹிட்ச் மாட்டுவதை வீடியோ எடுத்துக் காட்டுங்கள். எந்த வேலையை எப்போது செய்யலாம், எதை இந்த சீசன் முழுக்கத் தொடவே கூடாது என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியும், அந்தப் படியில் ஏறுவதற்கென்றே பயிற்சியும் கொடுப்பார். அப்புறம் வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதே ஓரிரு இரவு உள்ளே படுத்துப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போய் வர முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். குளியலறையில் உறிஞ்சிப் பிடிக்கும் ரகக் கைப்பிடியை ஒட்டிவிட்டு அது உங்கள் எடையைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம், துண்டு மாட்டும் கம்பியையும் நம்ப வேண்டாம். ஆர்.வி. சுவர்கள் மெல்லியவை, உள்ளே சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதில் திருகினால்தான் கைப்பிடி நிற்கும்.

ஓட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வலது காலில் முறிவு என்றால், வலி போனதும் ஓட்டலாம் என்று நினைப்பது ஆபத்து. முழு எடையை ஊன்ற ஆரம்பித்த பிறகும் பிரேக்கை மிதிக்கும் வேகம் பழைய நிலைக்கு வரச் சுமார் ஆறு வாரம் ஆகலாம். காரிலேயே இப்படி என்றால், பின்னால் டன் கணக்கில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது நிற்க எடுக்கும் தூரமும் கூடுகிறது. ஓபியாய்டு வகை (மார்ஃபின் போன்ற) வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்வரை ஓட்டவே கூடாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதானே வருகிறேன் என்பவர்களும் கவனிக்க வேண்டும்: அறுவை சிகிச்சைக்குப் பிறகான முதல் மூன்று மாதங்களில் நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தால் ரத்தம் உறையும் அபாயம் அதிகம். மணிக்கு ஒரு முறையாவது நிறுத்தி நடக்க முடியாது என்றால் அந்தப் பயணம் இப்போது வேண்டாம்.

"எனக்கு முடியாவிட்டால் என்ன, அவள் பார்த்துக்கொள்வாள்", "அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிடுவது அடுத்த தவறு. பல தம்பதிகளில் வண்டி வேலை முழுக்க ஒருவர் கையிலேயே இருக்கிறது, இன்னொருவர் ஒரு நாளும் ரிவர்ஸ் எடுத்ததில்லை, கழிவு டேங்கைத் திறந்ததில்லை. காயம்பட்டவரை எழுப்பி, குளிப்பாட்டி, மருந்து கொடுக்கும் அதே ஆள்தான் இனி இதையும் செய்ய வேண்டும் என்றால், நடுவழியில், மழையில், இருட்டில் அதைக் கற்றுக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. கிளம்புவதற்கு முன்பே ஆளில்லாத வாகன நிறுத்துமிடம் எதிலாவது பொறுமையாகப் பழகட்டும். வேலைகளை வரிசையாக எழுதி வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். இரண்டு பேரில் ஒருவருக்கும் முடியாது என்றால், ஆர்.வி.யைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூலிக்கு ஓட்டுநர்கள் கிடைக்கிறார்கள். நீங்கள் விமானத்தில் போய்ச் சேரலாம். சாலை உதவித் திட்டம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதை ஒரு முறை எடுத்துப் படிக்க வேண்டும். ரிப்பேர் ஆன வண்டியைத்தான் பெரும்பாலான திட்டங்கள் இழுக்கும், ஓட்டுபவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் வண்டியை வீட்டில் சேர்ப்பது சில திட்டங்களில் மட்டுமே உண்டு.

இடம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது, ஆனால் இதைத்தான் கடைசியாக யோசிக்கிறார்கள். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் லா போசா என்ற அரசு நிலப்பகுதி இருக்கிறது, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச் சீட்டில் பாலைவனத்தில் தங்கலாம். செலவு குறைவு, வானம் விரிந்து கிடக்கும், பழைய நண்பர்கள் வருடா வருடம் அதே இடத்தில் கூடுவார்கள், அதை விட மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் வண்டி நிற்கும் இடத்தில் குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது. தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் போய்வர வேண்டும், ஒரு கேலன் தண்ணீரே கிட்டத்தட்ட நான்கு கிலோ. பெரிய மருத்துவமனைகள் உள்ள பீனிக்ஸ் சுமார் 200 கிலோமீட்டர். காயம்பட்ட வருடத்தில் அரிசோனாவின் மேசா, யூமா, அல்லது டெக்சாஸின் மெக்காலன், ஹார்லிங்கன் போன்ற ஊர்களில் தண்ணீர், மின்சாரம், கழிவு இணைப்பு மூன்றும் உள்ள ஒரு ஆர்.வி. பார்க்கில் (ஆர்.வி.களை வாடகைக்கு நிறுத்தும் வளாகத்தில்) ஒரே இடத்தில் மூன்று மாதம் உட்காருவது எவ்வளவோ மேல். பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு தடவை போக வேண்டியிருக்கும், அதனால் முதலில் தெரபி கிளினிக்கில் நேரம் வாங்கிவிட்டு, அதன் பக்கத்தில் பார்க்கைத் தேடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் பயணம் செய்கிறார்கள். எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கம் டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் கேர் என்ற மையத்தை அமைத்ததும் இந்தத் தேவைக்காகத்தான், சொந்த வண்டியிலேயே தங்கிக்கொண்டு சாப்பாடும் உதவியும் பெறுவதற்காக.

சரி, காப்பீட்டுக்கு வருவோம். அமெரிக்கர்கள் செய்யும் தவறு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது. அசல் மெடிகேர் வைத்திருப்பவர் அதை ஏற்கும் எந்த மாநில டாக்டரிடமும் போகலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டமாக இருந்தால், வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சை கிடைக்கும், ஆனால் அதற்குப் பிந்தைய தெரபியும் மறுபரிசோதனையும் பல திட்டங்களில் சொந்த ஊர் வட்டத்துக்குள்தான். அதைக் கேள்விப்பட்டதும் அவசரமாக அசல் மெடிகேருக்கு மாறிவிடுவது இன்னொரு தவறு. அதோடு சேர்த்து வாங்க வேண்டிய, அது தராத செலவை ஈடுகட்டும் மெடிகேப் காப்பீட்டைப் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியும், காயம்பட்ட நேரத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மாறக் கூடாது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் "உள்நோயாளியா, கண்காணிப்பிலா?" என்று கேட்டுவிடுங்கள். அசல் மெடிகேரில் மறுவாழ்வு இல்லத்துச் செலவு கிடைக்க மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும், கண்காணிப்பு என்றால் படுத்திருந்தாலும் வெளிநோயாளிதான், அந்த நாட்கள் கணக்கில் வராது.

கனடாவிலிருந்து போகிறவர்களுக்குப் பிரச்சினை வேறு. ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர்தான் தரும், அமெரிக்க பில்லுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதனால் பயணக் காப்பீடு எடுப்பார்கள், அதில் "நிலையான உடல்நிலை" என்றொரு நிபந்தனை இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய 90 நாளோ 180 நாளோ ஏற்கெனவே உள்ள நோயில் எந்த மாற்றமும் இருக்கக் கூடாது என்பார்கள். புது மாத்திரை, அளவு மாற்றம், இன்னும் முடிவு வராத ஸ்கேன், எல்லாமே மாற்றம்தான். அக்டோபரில் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு நவம்பரில் கிளம்பினால் அந்த முழங்கால் சம்பந்தப்பட்ட எதற்கும் பணம் வராமல் போகலாம். இதைச் சொன்னால் பிரீமியம் கூடும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், மறைத்தது தெரிந்தால் சம்பந்தமே இல்லாத நெஞ்சுவலிக்கும் கையை விரித்துவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அடிபட்ட இரண்டாம் வாரமே, வலியிலும் தூக்கமின்மையிலும் இருக்கும்போது, "இனி இதெல்லாம் நமக்கு எதற்கு" என்று வண்டியை விற்றுவிடுவது. எலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கிறது, அதற்குள் இப்படி ஒரு முடிவு வேண்டாம். நவம்பருக்குப் பதில் ஜனவரியில் போகலாம். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு, தெற்கே அதே பார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும் பார்க் மாடல் என்ற சிறு வீட்டில் தங்கலாம், நண்பர்களும் இருப்பார்கள், கழிவுக் குழாய் வேலையும் இல்லை. ஆனால் "இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம்" என்று தள்ளிக்கொண்டே போனால், தண்ணீர் நிரம்பிய வண்டி ஒரு நாள் இரவு உறைபனியில் மாட்டிக் குழாய்கள் வெடித்துவிடும். கிளம்பும் தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்த உடனே யாரையாவது வைத்து நீரை வடித்து, குழாய்களை உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸை ஊற்றச் சொல்லிவிடுங்கள்.

தெற்கே இருக்கும்போதே அடிபட்டால் நாள் கணக்கு முக்கியம். மார்ச்சில் கால் முறிந்தால் குணமாகும்போது ஜூன் வந்துவிடும், யூமாவில் அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஆர்.வி. ஏசி திணறும். அங்கேயே தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மாதக் கடைசிவரை காத்திருக்காமல் பக்கத்தில் ஒரு வீட்டைப் பாருங்கள். கனடியர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது: பொதுவாக அமெரிக்காவில் ஆறு மாதம்தான் தங்கலாம், மேலே போகும் என்றால் அந்தக் கெடு முடிவதற்குள் ஐ-539 படிவத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். அமெரிக்க வருமான வரிக்காக அங்கே தங்கிய நாட்களை எண்ணும்போது, அங்கே வந்த பிறகு ஏற்பட்ட உடல்நிலையால் கிளம்ப முடியாமல் போன நாட்களை விலக்கிக்கொள்ளலாம், அதற்கு 8843 என்ற படிவம். அதில் டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பயணம் செய்ய முடியாத நிலை என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.