வாசல் சுவரில் இருப்பது அட்லஸ் அந்துப்பூச்சியா? ஆணா, பெண்ணா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில், மழை விட்ட இரவுகளில் வாசல் விளக்கடியில் உள்ளங்கையைவிடப் பெரிய அந்துப்பூச்சி வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நீங்களே பார்த்துச் சொல்ல வழி இதோ.

கைப்பேசி, சின்ன டார்ச் லைட், ஸ்கேல் போதும். பிளாஷ் மட்டும் வேண்டாம். இறக்கையின் செம்பழுப்பு நிறத்தை அது வெளிறடித்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, இரண்டடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள்.

முதலில் இறக்கையைப் பாருங்கள். நான்கு இறக்கைகளிலும் கருப்பு விளிம்பு கட்டிய முக்கோணத் திட்டு ஒன்று இருக்கும். அதில் செதில் கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும். நீலச் சுவரில் உட்கார்ந்திருந்தால் அந்த முக்கோணத்தில் நீலம் தெரியும். அப்புறம் முன்னிறக்கை நுனி: வளைந்து, கண் போன்ற கரும்புள்ளியோடு பாம்புத் தலையைப் போலவே இருக்கும். இரண்டும் இருந்தால் பெரும்பாலும் அட்லஸ்தான். 1758-இல் உயிரியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட இனம்; அறிவியல் பெயர் அட்டாகஸ் அட்லஸ்.

ஆணா பெண்ணா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘உணர்கொம்பு இறகு போல இருந்தால் ஆண்’ என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. ஆனால் பெண்ணுக்கும் இறகுக் கொம்புதான்! பார்க்க வேண்டியது அகலத்தை. ஆணின் கொம்பு செம்பனைத் தண்டில் முளைக்கும் பெரணி இலை மாதிரி அகன்று விரிந்திருக்கும். பெண்ணுடையது ஒடுங்கிய சீப்பு. மேலிருந்து பார்த்தால் கொம்பு தலையோடு ஒட்டித் தெரியும், வித்தியாசம் புரியாது. அதனால் கைப்பேசியைத் தலைக்கு நேர் எதிரே கொண்டுபோய், டார்ச்சைப் பக்கத்திலிருந்து காட்டுங்கள். இன்னும் சந்தேகமா? வயிற்றைப் பாருங்கள். பெண்ணுக்கு முட்டை நிறைந்து பருத்திருக்கும், உருவமும் பெரிது.

ஆணுக்கு ஏன் இவ்வளவு அகலக் கொம்பு? பெண் இரவில் ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே வாசனையை விடும். காற்றில் வரும் அந்த வாசனையைப் பிடித்து வெகுதூரத்திலிருந்து ஆண் வந்துசேர வேண்டும். எனவே அடையாளம் பார்த்ததும் தயவுசெய்து விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்கில் சிக்கிய ஆணுக்குப் போகும் ஒவ்வோர் இரவும் பெரிய இழப்பு.

அளக்க ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் போதும். இறக்கை விரிவு 24 செ.மீ. வரைகூடப் போகும். இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், செதில் உதிரும். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் முன்கால்களுக்கு முன்னால் ஒரு குச்சியை நீட்டுங்கள், தானே ஏறிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் அனுப்பிய படங்களில் இருந்தது அட்லஸ் அல்ல, லிஸ்ஸா சாம்பா என்ற வேறொரு பெரிய அந்துப்பூச்சி. கரும்பழுப்பு உடம்பு, இறக்கைகளுக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் வால். கண்ணாடி முக்கோணம் இருக்காது.

இன்னொன்று. ‘சோர்ந்து கிடக்கிறது, சீனித் தண்ணீர் வைக்கலாமா?’ என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். வளர்ந்த அட்லஸுக்கு உண்ணக்கூடிய வாயே இல்லை. புழுவாக இருந்தபோது கொய்யா, டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலைகளைத் தின்று சேர்த்த கொழுப்பிலேயே ஒன்றிரண்டு வாரம் வாழும். பகலில் அது அசையாமல் இருப்பது இயல்பு. பூனைக்கு எட்டாத இடமென்றால் அப்படியே விட்டுவிடுங்கள், இருட்டியதும் பறந்துவிடும்.