காமிக்ஸ் பெண்களை எப்படிப் பார்ப்பது? ஒரு பென்சில், ஒரு பட்டர் பேப்பர்

புனலூர் பழைய புத்தகக் கடையில் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸை எடைக்கு வாங்கி, செங்கோட்டை வரும் ரயிலில் படித்துக்கொண்டே வருவேன். பெண்களைக் கவர்ச்சியாக வரைந்த சில அட்டைகளை மட்டும் மடியில் கவிழ்த்துவிடுவேன். எதிர் சீட்டில் யாராவது அத்தை முறுக்கு தின்றுகொண்டிருப்பார். ஏன் கவிழ்க்கிறோம் என்று யோசித்தபோது வந்ததுதான், காமிக்ஸில் பெண்களை எப்படி வரைகிறார்கள் என்று சோதிக்கும் இந்தப் பயிற்சி.

படி 1: வசனத்தைப் படிக்காமல் இதழைப் புரட்டுங்கள். தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் காட்டும் கட்டங்கள் பெண்ணுக்கு எத்தனை, ஆணுக்கு எத்தனை? நோட்டில் கோடு போடுங்கள்.

படி 2: அதேபோல் நின்று பாருங்கள். இதில் அவசரப்படாதீர்கள். மார்பும் பின்புறமும் ஒருசேர நம் பக்கம் திரும்பியிருக்கும் ஒரு நிலை அடிக்கடி வரும். என் தங்கச்சி கண்ணாடி முன் முயன்றுவிட்டுச் சொன்னாள்: "இடுப்பைக் கழட்டித் திருப்பி மாட்டுனாத்தாம்ணே இது வரும்."

இப்போது அந்த உடம்பை ட்ரேசிங் பேப்பரில் நகலெடுத்து, மேலே ஆண் ஹீரோவின் தலையை வையுங்கள். 2012இல் ‘ஹாக்ஐ இனிஷியேட்டிவ்’ என்ற பெயரில் இணையத்தில் பலர் இதைத்தான் செய்தார்கள். பெண்களின் போஸில் ஹாக்ஐ என்ற வில்வீர ஹீரோவை வரைந்தார்கள். பார்த்ததும் சிரிப்பு வரும். பெண்ணாக இருந்தபோது ஏன் வரவில்லை என்று அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள்.

துணியின் அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். 2014இல் ‘ஸ்பைடர் வுமன்’ முதல் இதழுக்கு இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா வரைந்த மாற்று அட்டை (அதே இதழுக்கு வேறு படத்தோடு வரும் அட்டை) பெரிய சண்டையைக் கிளப்பியது. அதில் அவள் உடை உடம்பு முழுக்க மூடியதுதான். ஆனால் தோல்மேல் பெயிண்ட் அடித்த மாதிரி ஒட்டிக்கிடக்கும். கட்டட விளிம்பில் அவள் தவழும்போது பின்புறம்தான் மேலே தூக்கி நிற்கும். ஸ்பைடர்மேனும் அப்படித்தானே குந்துகிறான் என்பார்கள். இரண்டையும் நகலெடுத்துப் பக்கத்தில் வையுங்கள், போதும். மாறாக, 1941இல் வந்த வொண்டர் வுமன் காலும் தோளும் தெரியத்தான் நின்றாள். ஆனால் கதை அவள் கையில் இருந்தது.

படி 3: அடி யாருக்கு, கதை யாருக்கு? 1994இல் ‘கிரீன் லேன்டர்ன்’ 54ஆம் இதழில் நாயகனின் காதலி அலெக்ஸாண்ட்ராவைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்திருப்பார்கள். நாயகனுக்குக் கோபம் வர வேண்டுமாம். 1999இல் எழுத்தாளர் கெய்ல் சிமோன் இப்படிச் சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டு இணையத்தில் போட்டார். செத்த காதலிக்குப் பதில் நாயகனின் பைக் தொலைந்ததாக வைத்துப் படியுங்கள். கதை தடங்கலில்லாமல் ஓடினால் நோட்டில் ஒரு கோடு.

படி 4 சின்னது. ஒரே பாத்திரத்தின் பழைய உடையையும் புதிய உடையையும் ஒப்பிடுங்கள். மிஸ் மார்வெலாக இருந்து கேப்டன் மார்வெல் ஆன கேரல் டான்வர்ஸ் 1978இல் கறுப்பு நீச்சலுடையில் பறந்தாள், 2012இல் விமானி உடை மாதிரி முழுச் சட்டை. எதை மாட்டிக்கொண்டு நீங்கள் சண்டைக்குப் போவீர்கள்?

ட்ரேசிங் பேப்பர் கிடைக்காவிட்டால் பேக்கரியில் கேக்குக்கு அடியில் வைக்கும் பட்டர் பேப்பர் கேளுங்கள். எண்ணெய் படாததாக.