கொதிகலன் சூடேறும் நேரம்: ஸ்டீம்பங்க் சாகசக் கதை எழுதலாம் வாங்க

போன வருடம் என் அக்கா மகளுக்காக ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். பிளஸ் ஒன் படிக்கிறாள். நீராவி இயந்திரம், பித்தளைப் பற்சக்கரம், துரத்தல், கொஞ்சம் காதல் எல்லாம் வேண்டும், ஆனால் பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே சத்தமாகப் படிக்க முடிய வேண்டும் என்றாள். மூன்று முறை பாதியில் நின்றுபோய், நான்காவது முறை முடித்தேன். ஸ்டீம்பங்க் என்றால், பழைய காலத்து நீராவி இயந்திரங்களே உலகை ஓட்டுவதாகக் கற்பனை செய்யும் கதை வகை. அத்தியாயம் எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சிக்கிக்கொண்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

படி 1: லண்டனை விடுங்கள்

என் முதல் வரைவு லண்டன் மூடுபனியில் தொடங்கியது. பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த எனக்கு அந்தப் பனியின் வாசனை எப்படித் தெரியும்? கரியும் மீனும் உப்புக்காற்றும்தான் தெரியும். அப்புறம்தான் உறைத்தது, நீராவிக் கதைக்கு வடசென்னையை விடப் பொருத்தமான ஊர் இல்லை என்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. பெரம்பூரில் மில்லும் ரயில்வே பட்டறையும், நடுவில் பக்கிங்காம் கால்வாய், அதில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சவுக்கு விறகு ஏற்றி வந்த படகுகள். 1895-லேயே மதராஸில் மின்சார டிராம் ஓடியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

படி 2: வரலாற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

ஒன்றே ஒன்று. இரண்டாவதை மாற்றினால் வாசகர் எதையும் நம்ப மாட்டார்.

நான் எடுத்தது 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் மீது குண்டு வீசியது. துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஊரை விட்டே ஜனங்கள் ஓடினார்கள். கெட்டிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். இதுவரை நடந்தது. என் கதையில், அந்தத் தீயைப் பார்த்து மிரண்ட அரசாங்கம் நகருக்குள் எண்ணெயே கூடாது என்று சட்டம் போடுகிறது. பெட்ரோல் வண்டிக்கு வழியில்லை. பஸ், படகு, பாரந்தூக்கி எல்லாம் நீராவியில் ஓடுகின்றன. கதை நடப்பது பத்து வருடம் கழித்து, 1924-இல்.

படி 3: இயந்திரத்துக்கு அதன் நேரத்தைக் கொடுங்கள்

என் அடுத்த இரண்டு வரைவுகளும் செத்தது இங்கேதான். பொறுமையாகப் படியுங்கள்.

என் நாயகி அஞ்சலை, வயது 18, மில்லில் கொதிகலன் பார்ப்பவரின் மகள். வில்லன் ஆட்கள் வருகிறார்கள். அவள் நீராவிப் படகில் குதித்து நெம்புகோலை இழுக்கிறாள், படகு பறக்கிறது. லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக (ரயில் எஞ்சினுக்கு நெருப்பு போடுபவர்) இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். ''இன்னாம்மா இது? சாவி போட்டதும் கெளம்புறதுக்கு அது இன்னா ஆட்டோவா? பச்சத் தண்ணி எப்டிம்மா வண்டிய இழுக்கும்?'' என்றார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவர் சொன்னதுதான் என் கதையின் எலும்பு. குளிர்ந்து கிடக்கும் ரயில் எஞ்சினுக்கு ஸ்டீம் ஏற்றப் பல மணி நேரம் ஆகும். சின்னப் படகுக் கொதிகலனுக்கும் ஒரு மணி, இரண்டு மணி வேண்டும். அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் இரும்பு ஒரு பக்கம் சீக்கிரம் விரிந்து, இணைப்புகளில் கசிவு வரும். உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரைக்கும், உள்ளே உப்பு படியும். தண்ணீர் மட்டம் இறங்கி நெருப்புப் பெட்டியின் மேல்தகடு வெளியே தெரிந்தால் கொதிகலன் வெடித்துவிடும். அதற்குக் காவலாக அந்தத் தகட்டில் ஒரு 'லெட் பிளக்' இருக்கும். சூடு மீறினால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாக நீராவி பீய்ச்சி நெருப்பை அடக்கும். ''உயிர் பொழச்சிக்கும், ஆனா ஃபயர்மேனுக்கு மானம் போயிடும்'' என்றார்.

ஒவ்வொரு தடையையும் ஒரு காட்சியாக்கினேன். கால்வாய்த் தண்ணீர் உப்பு. அப்படியானால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? 1772-இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய கிணறுகள் இருக்கும் ஏழு கிணறுக்கு. ராத்திரியில், காவலுக்கு நடுவே, தலையில் குடத்தோடு. தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி வளர்ந்த எனக்கு அந்த அத்தியாயம் ஒரே மூச்சில் வந்தது.

ஆகவே முதலில் உங்கள் இயந்திரத்தால் என்னவெல்லாம் முடியாது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கதைச் சுருக்கம் அதற்குப் பிறகுதான்.

படி 4: காதலைக் காத்திருப்பில் வையுங்கள்

துரத்தலுக்கு நடுவே காதல் வசனம் எழுதிப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. ஸ்டீம் ஏறும் அந்த இரண்டு மணி நேரம்தான் வழி காட்டியது. அஞ்சலையும் காசிமேட்டுப் படகுக்காரன் ராயப்பனும் (வயது 19) நீராவியின் அழுத்தம் காட்டும் கேஜின் முள் நகர்வதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு வேலை இல்லை. பேசித்தான் ஆக வேண்டும். அப்பாவின் இருமல், கடலில் போன அண்ணன், பிடித்த மீன். முள் ஒரு கோடு ஏறும், பேச்சும் ஒரு படி நெருங்கும்.

கண்ணியமாக எழுதினால் சப்பென்று ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பதினாறு அத்தியாயம் வரை ராயப்பன் அவளை 'இந்தாம்மா' என்றே கூப்பிடுகிறான். பதினேழாவதில் லெட் பிளக் உருகி, புகைக்குள் அவளைக் காணாமல், முதல்முறையாக 'அஞ்சலை' என்று கத்துகிறான். அக்கா மகள் அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். முத்தமே இல்லாத கதை அது.

எதில் எழுதுவது?

தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பது நீண்ட கதைக்கு ஒத்துவராது, விரலும் வலிக்கும், யோசனையும் அறுபடும். எனக்குக் கை பழக இரண்டு வாரம் ஆனது. கதை அமைப்புக்கென்று விற்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை. வடசென்னை வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, யார் எந்த நேரத்தில் எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிப்பீர்கள்.

பிற்சேர்க்கை: இதைப் பார்த்து எழுதத் தொடங்கிய இரண்டு பேர் ஒரே இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். பேச்சை முழுக்க மெட்ராஸ் பாஷையில் எழுதியதால் மதுரைப் பக்கத்து நண்பர்களுக்குப் புரியவில்லையாம். நான் செய்தது இது: விவரிப்பு பொதுத் தமிழில், பேச்சு மட்டும் ஊர்த் தமிழில், அதிலும் ஒரு வரிக்கு ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் இல்லை. 'இன்னா', 'கெளம்பு' போதும், குரல் கேட்டுவிடும்.

இன்னொரு கேள்வி, கொதிகலன் விஷயத்தைக் கேட்க வீட்டில் பெரியப்பா இல்லாதவர் என்ன செய்வது என்று. பெரம்பூர், அயனாவரம் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். சாயங்காலம் டீக்கடையில் போய் 'ஐயா, ஸ்டீம் எஞ்சின்ல தண்ணி கொறஞ்சா என்ன ஆவும்?' என்று மட்டும் கேளுங்கள். நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.