பழைய டோப்போ வரைபடத்தை (நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடம்) வாசிப்பது எப்படி?

தெற்கு யூட்டாவின் எஸ்கலான்டே ஆற்றுப் பகுதியை எடுத்துக்கொள்வோம். முகடும் குறுகிய ஆழ்பள்ளத்தாக்குமாகக் கிடக்கும் நிலம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 'டோப்போவியூ' தளத்தில் இதன் 1880களின் தாளும் 1950களின் தாள்களும் இலவசம். ஜியோடிஃப் (புவியிடக் குறிப்பும் சேர்ந்த படக்கோப்பு) வடிவில் இறக்குங்கள். ஜேபெக் படத்தைக் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் போட்டால் தானாக இடத்தில் உட்காராது.

1. முதலில் ஓரம். அளவுகோல், சமவுயரக்கோட்டு இடைவெளி (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையிலான உயர வேறுபாடு), அளவீடு நடந்த ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிப்போவது இதைத்தான். 1880களின் தாள் 1:2,50,000 அளவு, இடைவெளி 250 அடி, அதாவது 76 மீட்டர். 60 மீட்டர் செங்குத்துப் பாறை இரு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துவிடும். அங்கே வெள்ளையாக இருந்தால் சமவெளி என்று பொருளல்ல.

2. முகடா, பள்ளமா? கோடு 'V' போல் வளைந்து, கூர்முனை மேட்டைப் பார்த்தால் ஓடை. இறக்கத்தைப் பார்த்தால் முகடு. குழப்பமாக இருந்தால் உயர எண்களைப் பாருங்கள். விட்டுவிட்டு வரும் நீலக்கோடு ஆண்டு முழுக்க நீர் ஓடாத ஓடை.

3. சரிவைக் கணக்கிடுங்கள். 1:62,500 தாளில் 1 செ.மீ. என்பது 625 மீட்டர். இடைவெளி 80 அடி, 2 மி.மீ. அகலத்துக்குள் 5 கோடுகள் என்று வையுங்கள். எண்ண வேண்டியது கோடுகளை அல்ல, நடுவிலுள்ள 4 இடைவெளிகளை: 320 அடி, ஏறத்தாழ 98 மீட்டர். கிடைத்தூரம் 125 மீட்டர். சரிவு சுமார் 38 பாகை. இது சராசரிதான், படிப்படியான பாறைச்சுவராகவும் இருக்கலாம்.

4. ஆயத்தொலைவு. 1950களின் தாள்கள் நாட்27 (1927-இன் வட அமெரிக்க ஆயத்தொலைவு அடிப்படை) முறையில் அமைந்தவை. தாளில் படித்த யுடிஎம் எண்ணை (மீட்டரில் குறிக்கும் கட்ட ஆயத்தொலைவு) மாற்றாமல், டபிள்யூஜிஎஸ்84 என்னும் இன்றைய உலக அடிப்படையில் இருக்கும் ஜிபிஎஸ்ஸில் இட்டால், வடக்கு-தெற்காகச் சுமார் 200 மீட்டர் பிசகும். பள்ளத்தாக்கின் எதிர்க்கரைக்கே போய்விடுவீர்கள்! முதலில் கருவியின் அமைப்பை நாட்27-க்கு மாற்றுங்கள். ஓரத்தில் அச்சிட்ட காந்த விலக்கமும் (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையிலான கோணம்) அந்த ஆண்டுக்கானது. இன்றைய மதிப்பைத் தனியாகத் தேடுங்கள். 5 பாகை பிழை 1 கி.மீ. நடையில் 87 மீட்டர் விலக்கிவிடும்.

5. புதிய தாளோடு ஒப்பிடுங்கள். 1963-இல் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. எஸ்கலான்டே கொலராடோவில் கலக்கும் இடத்தை அதற்கு முந்தைய தாள் ஆற்றங்கரையாகவே காட்டும். இப்போது அங்கே பவல் ஏரி.