ஜப்பானிய ஃப்யூஷன் உணவகத்தில் சைவம் கேட்கும்போது

பெயரில் காய்கறி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பில் மிதப்பது டோஃபுவும் (சோயா பன்னீர்) கடற்பாசியும்தான். ஆனால் அடியில் இருக்கும் ‘டாஷி’ என்ற சாறு பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் எடுத்தது. மாவில் தோய்த்துப் பொரிக்கும் காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருவதிலும், பொரித்த டோஃபுவான அகெதாஷி டோஃபுமேல் ஊற்றுவதிலும் அதே டாஷிதான் வழக்கம்.

“மீன் இருக்கா?” என்று கேட்டால் மீன் துண்டை மனதில் வைத்து இல்லை என்றுவிடுவார்கள். “டாஷி மீனில் எடுத்ததா, கொம்புவிலா?” என்று கேளுங்கள். கொம்பு கடற்பாசி, அதில் எடுத்தது சைவம். டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ள உப்பு கேட்டு வாங்கலாம், ஜப்பானிலும் அப்படிச் சாப்பிடுவார்கள். மாவில் முட்டை உண்டா, இறால் பொரித்த எண்ணெயா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

காய்கறி ராமென் என்ற நூடுல்ஸ் சூப்பில் டோன்கோட்சு சாறு என்றால் அது பன்றி எலும்பு வேகவைத்தது. மேலே காய் போட்டதால் சைவமாகிவிடாது. சாதத்தைக் கடற்பாசித் தாளோடு சுருட்டும் சுஷி வகையான கலிஃபோர்னியா ரோலில் வழக்கமாக வைக்கும் நண்டுக் குச்சி என்பது மீன் விழுது, மயோனைஸில் முட்டை.

வெள்ளரிக்காய் ரோல், அவகாடோ ரோல் நல்ல தேர்வு. சாதத்தில் வினிகர், சர்க்கரை, உப்புதான். சோயா சாஸில் ஓரத்தை மட்டும் தொடுங்கள். முழுக்க முக்கினால் சாதம் உறிஞ்சி உதிர்ந்துவிடும், உப்பும் கரிக்கும். வசாபி என்ற காரமான பச்சை விழுது முதலில் கடுகளவு போதும், சட்டென்று மூக்கில் ஏறும். கூம்பாகச் சுற்றிய கைரோலை வந்தவுடனே சாப்பிடுங்கள். தாமதித்தால் நோரி என்ற அந்தக் கடற்பாசித் தாள் ஈரம் இழுத்து ரப்பர்போல் ஆகிவிடும்.