ஓசூரில் மூணு பேர் சேர்ந்து வீடு எடுப்பது எப்படி

சிப்காட்டில் வேலை கிடைத்து வருகிறவர்கள் ரூமைப் பார்த்து, வாடகையைப் பேசி, அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பின்னால் சண்டை வருவது இரண்டு விஷயத்தில்: கரண்ட் பில், பாதியில் காலி செய்கிறவரின் அட்வான்ஸ். இரண்டையும் சாவி வாங்கும் முன்பே பேசித் தீர்த்துவிட முடியும்.

கூட இருக்கப்போகிறவரிடம் முதலில் ஷிப்டைக் கேளுங்கள். காலை 6 மணி ஷிப்ட்காரர் நாலே முக்காலுக்கு எழுந்து லைட் போடுவார். இரவு ஷிப்ட் முடித்தவர் 7 மணிக்குத்தான் படுப்பார். இருவரும் ஒரே அறையில் இருந்தால் இரண்டு மாதம் தாங்காது. ஷிப்ட் ஒன்றாக மாறுகிறவர்களை ஒரு அறையில் சேருங்கள்.

ஓனரிடம் பேச்சிலர் என்பதையும் எத்தனை பேர் என்பதையும் மறைக்காதீர்கள். இரண்டு பேர் என்று சொல்லி மூன்றாவது ஆளைக் கூட்டிவந்தால், காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். அசைவம் சமைக்கலாமா, வண்டி எங்கே நிறுத்துவது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

வீடு பார்க்கும்போது தண்ணீரில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான். "தண்ணி வருமா" என்று மட்டும் கேட்டால் "வரும்" என்பார்கள். ஒகேனக்கல் தண்ணி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, அது போர் தண்ணியோடு ஒரே சம்ப்பில் கலக்கிறதா என்று கேளுங்கள். கலந்தால் குடிக்கத் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். குடிப்பதற்கு ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர்தான் வழி. அந்தச் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது மீட்டர். வீட்டுக்குத் தனி இ.பி. இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு என்றால் அந்த 100 யூனிட் எல்லோருக்கும் பொது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறி பில் எகிறும். போர்ஷனுக்கு ஓனரே தனியாக வைத்த சப்-மீட்டர் என்றால் யூனிட்டுக்கு என்ன ரேட் என்பதை அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

அக்ரிமென்டில் மூன்று பேர் பெயரும் இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், அவர் கிளம்பும்போது மற்ற இருவருக்கும் அந்த வீட்டில் எழுத்துப்பூர்வமான உரிமை எதுவும் இராது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அதைச் சொல்லித் தயங்காமல் பேரம் பேசுங்கள்.

இனி அட்வான்ஸ் கணக்கு. வாடகை 9,000, அட்வான்ஸ் 45,000, ஆளுக்கு 15,000 என்று வைத்துக்கொள்வோம். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம். நடுவில் கிளம்புகிறவர் புதிதாக வருகிறவரிடம் முழு 15,000-ஐ வாங்கிக்கொண்டு போனால், பெயிண்டிங் செலவு கடைசியில் இருப்பவர்கள் தலையில் விழும். அதனால் புதியவர் தரும் 15,000-இல் 3,000-ஐப் பெயிண்டிங்குக்கு என்று பொதுவில் வைத்துவிட்டு, கிளம்புகிறவருக்கு 12,000 கொடுங்கள். அவருடைய கரண்ட், கேஸ் பாக்கியை அதிலேயே கழியுங்கள். புதியவர் பெயரை ஓனரிடம் எழுதி வாங்குவதும் அதே நாளில் நடக்கட்டும். ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு ஆள் வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

கிளம்புகிறவர் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், ஆள் கிடைக்கும்வரை தன் பங்கு வாடகையைத் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் வாடகைப் பங்கு குறையாது என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.